பியானோ 'செட்'டுக்குத் தமிழ்ல என்ன? தொகையா, கோவையா, தொடர்நிலையா?

எல்லாருக்கும் வணக்கம். பியானோ கத்துக்கிற பிள்ளைங்களுக்கு ஒரு தமிழ்க் கையேடு எழுதிட்டிருக்கேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும், ஒரு சொல்லுல நிக்குது. கிரேடு பரிட்சைக்குன்னு மூணு பீஸை மட்டும் வருஷம் பூரா வாசிச்சுட்டே இருக்காங்க. அதுக்குப் பதிலா ஒரு முழு செட்டை, அதாவது ஒருத்தர் ஒரே பேர்ல சேர்த்து வெளியிட்ட சின்னச் சின்ன பீஸ்களை எடுத்து முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் கத்துக்கோங்கன்னு ஒரு அத்தியாயம். பாக்கோட 15 இன்வென்ஷன், ஷூமன் 1838ல எழுதின கிண்டர்ட்ஸேனன் (குழந்தைப் பருவக் காட்சிகள்) 13, ஷோப்பன் ஓபஸ் 28ல (ஓபஸ்னா படைப்பு எண்) 24 பிரலூட், இந்த மாதிரி. 'தொகுதி'ன்னு போட்டா வால்யூம்னு புரிஞ்சுக்கிறாங்க. என்ன போடலாம்?

---

அம்மா, தொகைன்னு போடுங்க. எட்டுத்தொகை வச்சிருக்கிற மொழிக்கு இதுல என்ன தயக்கம்? தொகு, தொகுதி, தொகுப்பு, தொகை எல்லாம் ஒரே வேர். இலக்கணத்துல வேற்றுமைத்தொகைங்கிறப்போ உருபு மறைஞ்சதால தொகையா, இல்ல ரெண்டு சொல் ஒட்டி ஒண்ணா நிக்கிறதால தொகையான்னு உரையாசிரியர்களே மோதியிருக்காங்க, நான் ரெண்டாவது கட்சி. ஒட்டி ஒண்ணா நிக்கிறதுதான் தொகை. உங்க செட்டுக்கு அப்படியே பொருந்துது.

---

> தொகைன்னு போடுங்க

ஐயா, பத்து வயசுப் பையனுக்குத் தொகைன்னா பணம். 'ஷோப்பன் தொகை'ன்னு படிச்சா எவ்வளவுன்னு கேப்பான். டீச்சர், பசங்க வாய்ல ஏற்கெனவே செட்னுதான் இருக்கு, அதையே விடுங்க. பியானோவையே பியானோன்னுதானே எழுதறோம்.

---

ரெண்டு பேரும் தண்டியலங்காரத்தை, அந்த அணியிலக்கண நூலை, மறந்துட்டீங்க. செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலைன்னு நாலாப் பிரிக்குது. தனியா நின்னு முடியறது முத்தகம், அது ஒத்தை பீஸ். தொகைநிலையைப் பொருள், இடம், காலம், தொழில், பாட்டு, அளவுன்னு எதை வச்சும் கூட்டலாம். தொடர்நிலை பொருளாலயும் தொடரும், சொல்லாலயும் தொடரும். ஒரு பாட்டு முடியற சொல்லுல அடுத்த பாட்டு தொடங்கற அந்தாதி ரெண்டாவது வகை. ஐங்குறுநூறுல தொண்டிப்பத்தே அந்தாதிதான், பதிற்றுப்பத்துல நாலாம் பத்தும் அப்படித்தான், அதைப் பத்தி தனியா ஒரு மடல் போடறேன். ஷூமனோடது பொருளால தொடருது, எல்லாமே குழந்தைப் பருவக் காட்சி. ஷோப்பனோடது ஸ்வரக் கணக்குல தொடருது, ஸி மேஜர், ஏ மைனர், ஜி மேஜர், இ மைனர்னு அஞ்சாம் ஸ்வரம் அஞ்சாம் ஸ்வரமா ஏறி 24 கீயையும் (சுருதியையும்) சுத்தி வருது. எனக்கு அது அந்தாதிதான்.

---

இந்தப் பிரிவு எனக்கு நிஜமாவே உதவுது, ஏன்னா எதை எடுக்கறதுன்னு முடிவு பண்றதே இதை வச்சுத்தான். இன்வென்ஷன்ல 15க்கும் 15 கீ, ஆனா எங்க வேணா ஆரம்பிக்கலாம், ஒண்ணும் கெடாது. கிண்டர்ட்ஸேனன்ல ஏழாவதான ட்ராய்மெராயை மட்டும் பிச்சு வாசிக்கிறாங்க, அதுக்கு முன்னாடி ஆறும் பின்னாடி ஆறும் இருக்குன்னே தெரியாம போயிடுது, எனக்கு அது ரொம்ப வருத்தம். ஓபஸ் 28ல பசங்க எடுக்கிறது 4, 6, 7, 20 தான். 16ஐயும் 24ஐயும் வளர்ந்த கைதான் தாங்கும், அதனால முழு செட்டா அதை யாருக்கும் சொல்லமாட்டேன். ஷோப்பனே அதை ஒரே மூச்சா மேடையில வாசிச்சதில்ல, அதனால அந்தாதின்னு எழுத எனக்கு மனசு வரல. எது முந்தி எழுதினதுன்னு பார்க்க ஓபஸ் நம்பரை நம்பியும் பயனில்ல, பீத்தோவன் ஓபஸ் 49ன்னு ரெண்டு சின்ன சொனாட்டா வெளிவந்தது 1805ல, எழுதினது அதுக்குப் பல வருஷம் முன்னாடி.

---

அப்படின்னா கோவைதான் சரி. திருக்கோவையார்ல 400 பாட்டு, துறை துறையா ஒரே காதல் வளர்ந்துட்டுப் போகுது. பூ தனித்தனி, நார் ஒண்ணு. கோத்ததுதான் கோவை. ஷூமனுக்கு இதைவிடப் பொருத்தமா எதுவும் கிடைக்காது.

---

கோவைன்னா கோயம்புத்தூர்தான் ஞாபகம் வரும், அதைத் தலைப்புல போட்டா அங்க நடக்கிற கச்சேரின்னு நினைச்சுப்பாங்க. தொகைல பணம்னாலும் பக்கத்துல 'இசைத்தொகை'ன்னு சேர்த்துட்டா குழப்பம் போயிடும். செட் வேணும்னு சொன்னவன்தான் நான், ஆனா அச்சுக்கு நாளும் இல்ல, இதுக்கு ஒத்துக்கறேன்.

---

தொகை கேட்டவருக்கும் செட் கேட்டவருக்கும் இசைத்தொகை ஒத்து வருது, அதையே போடறேன். முதல் தடவை வர்ற இடத்துல 'செட்'னும் எழுதிடறேன். கிண்டர்ட்ஸேனன் மாதிரி பிரிக்கக்கூடாததுக்குத் தொடர்தொகை. அத்தியாயத்துல முதல் சிபாரிசு இன்வென்ஷன்தான். எல்லாருக்கும் நன்றி.

---

தொகையும் தொடரும் தண்டியலங்காரத்துல வேற வேற வகை, ரெண்டையும் ஒட்டித் 'தொடர்தொகை'ன்னா நூற்பாவுக்கே முரண். அச்சுக்குப் போகட்டும், நான் தடுக்கல. ஆனா அடுத்த பதிப்புக்கு 'தொடர்நிலை'ன்னு என் பேச்சைக் குறிச்சு வச்சுக்கோங்கம்மா.