ஜெய்சல்மேர் பாலைவனத் திருவிழா: அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

கோபிப்பொண்ணு:

வணக்கம்ங்க. எங்களுக்கு கோபி பக்கம். அப்பாவுக்கு மாடு, குதிரை என்றால் உயிர், அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையை எந்த ஆடியிலும் விட்டதில்லை. ராஜஸ்தானில் நடக்கும் ஜெய்சல்மேர் திருவிழாவில் ஒட்டகங்களைச் சிங்காரித்து ஊர்வலம் விடுவதை டிவியில் பார்த்ததிலிருந்து "ஒருக்கா நேர்ல போய்ப் பாத்துப்போடோணும் கண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். கூட்டிப் போக எனக்கும் ரொம்ப ஆசை. ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி, இரண்டு பேருமே கவுச்சி தொடமாட்டார்கள், மூன்று பேருக்கும் இந்தி வராது.

ஒரு டிராவல்ஸில் விசாரித்தேன். மணல்மேட்டில் ஒரு ராத்திரி கூடாரம், சாயங்காலம் ஆட்டம் பாட்டு, ஒட்டகச் சவாரி, மறுநாள் காலையில் கிளம்பிவிடலாம் என்கிறார்கள். இதில் திருவிழா எங்கே வருகிறது என்றே எனக்குப் புரியவில்லை. எப்போது போவது, எங்கே தங்குவது, போய்ப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

நொய்யல்கரை:

தாராளமாகக் கூட்டிப் போகலாம்ங்க. வடநாட்டுக் கணக்கில் மாக மாதப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் விழா அது. நம் கணக்கில் சில வருடம் மாசி மகம், சில வருடம் தைப்பூசம். 2025இல் தைப்பூசமும் அதுவும் ஒட்டியே வந்தன, அதனால் வீட்டில் பழனிக்கு மாலை போடுகிறவர்கள் இருந்தால் முதலில் காலண்டரைப் பாருங்கள், அப்புறம் டிக்கெட்.

கோவையிலிருந்து வாரம் ஒரு முறை ஹிசார் போகும் ஏசி எக்ஸ்பிரஸ் கொங்கண் பாதையில் போய் ஜோத்பூரைத் தொடுகிறது. நடுவில் வண்டி மாற வேண்டியதில்லை, அம்மாவின் முழங்காலுக்கு அதுதான் நிம்மதி, கீழ் பெர்த் கிடைக்கிற மாதிரி முன்னாடியே போட்டுவிடுங்கள். ஜோத்பூரில் இறங்கி ஒரு ராத்திரி உடம்பைச் சாய்த்துவிட்டு, ஜெய்சல்மேருக்கு ரயிலிலோ காரிலோ ஐந்தாறு மணி நேரம்.

டிராவல்ஸ்காரர் சொல்கிற திட்டம் வேண்டாம். அவர் சொல்வது சம் மணல்மேடு, ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி. அங்கே கூடாரத்தில் உட்கார்ந்திருந்தால் ஊருக்குள் நடப்பது எதுவும் கண்ணில் படாது. அப்பா டிவியில் பார்த்த ஊர்வலம் கடீசர் ஏரிக்கரையில் கிளம்பி பூனம் சிங் ஸ்டேடியத்துக்குப் போகும். தலைப்பாகை கட்டும் போட்டி, மீசைப் போட்டி, மரு ஸ்ரீ (பாலைவன அழகன்) பட்டம் கொடுப்பது எல்லாம் அந்த ஸ்டேடியத்தில்தான். ஒட்டகப் போலோவும், எல்லைப் பாதுகாப்புப் படை ஒட்டகங்களின் சாகசமும் ஊரை ஒட்டிய மைதானத்தில். சம் மணலுக்குப் பெரும்பாலும் கடைசி நாள்தான் விழா நகரும், ஒட்டகப் பந்தயம், அப்புறம் நிலா வெளிச்சத்தில் பாட்டு. அன்றைக்கு மட்டும் ஒரு கார் பேசிப் போய்விட்டு ராத்திரியே திரும்பிவிடுங்கள்.

தங்குவது ஊருக்குள், கோட்டைக்கு வெளியே. கோட்டை 1156இல் கட்டியது, இன்றைக்கும் உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன, பார்க்கத்தான் வேண்டும். ஆனால் உள்ளே இருக்கும் லாட்ஜுகள் புழங்கும் தண்ணீர் கசிந்து அடித்தளத்தையே கெடுக்கிறது, நாம் வேறு அதில் சேர வேண்டாம். வெளியே என்றால் அம்மாவுக்கும் ஏறி இறங்கும் வேலை குறையும். பகலில் வெயில் இதமாக இருக்கும், ராத்திரி பத்து டிகிரி பக்கம் இறங்கும், ஸ்வெட்டரும் காதை மூடும் குல்லாவும் கட்டாயம்.

கொறங்காடு:

நொய்யல்கரை சொன்ன வழி சரிதான், ஆனால் அப்பாவுக்கு அது மட்டும் பத்தாது என்று நினைக்கிறேன். ஜெய்சல்மேர் விழா சுற்றுலாத் துறை நடத்துவது, பார்ப்பதற்கானது. அந்தியூரிலும் கண்ணபுரத்திலும் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்தே வளர்ந்தவருக்கு, வாங்கல் விற்கல் நடக்கும் இடத்தில் நின்றால்தான் மனசு நிறையும்.

அதற்கு நாகௌர் இருக்கிறது. ஜோத்பூரிலிருந்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். ராம்தேவ் கால்நடைச் சந்தை அதே மாக மாத வளர்பிறையில்தான் கூடும். நாகௌரி எருதுகள் உயரமான, வெள்ளை நிற, ஓட்டத்துக்குப் பேர் போன இனம். காங்கேயம் காளை பார்த்துப் பழகிய கண் அந்த எருதின் காலையும் திமிலையும் விட்டு நகராது, நான் நாள் முழுக்க அங்கேயே நின்றேன். சந்தை முதலில், விழா பிறகு என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஒரே பயணத்தில் முடியும், பௌர்ணமி நெருங்க நெருங்கச் சந்தை கலைந்துவிடும் என்பதால் கொஞ்சம் முன்னதாகவே போய்ச் சேருங்கள்.

ஒட்டகத்தைப் பற்றி ஒன்று அப்பாவிடம் சொல்லுங்கள். 2012 கணக்கெடுப்பில் நாடு முழுக்க நாலு லட்சம் இருந்தது, 2019இல் இரண்டரை லட்சம். வண்டிக்கும் உழவுக்கும் தேவை போய்விட்டது, மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. 2014இல் ராஜஸ்தான் அதை மாநில விலங்காக அறிவித்து, மறு வருடம் வெட்டுவதற்குத் தடையும், வெளி மாநிலத்துக்குக் கொண்டுபோவதற்குக் கட்டுப்பாடும் போட்டார்கள். காப்பாற்றத்தான் அந்தச் சட்டம், ஆனால் ஆண் கன்றை வாங்க ஆளில்லாமல் விலை விழுந்துவிட்டது என்பதுதான் ராய்க்கா மேய்ப்பர்களின் குறை. வருமானம் இல்லாத கால்நடையை எத்தனை நாள் கட்டி மேய்ப்பது? நாட்டு மாடு வைத்திருக்கும் நம் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கவலையை விளக்க வேண்டியதே இல்லை. ஊர்வலத்தில் சலங்கையும் பூவேலைத் துணியும் கட்டிப் போகிற ஒட்டகத்தைப் பார்க்கும்போது கூட வருகிற ஆளையும் பாருங்கள், முடிந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுங்கள். மொழி தடையே இல்லை, கால்நடைக்காரர்கள் கையாலேயே பேசிவிடுவார்கள்.

அப்புறம் வழியெல்லாம் காட்டுக்குள் ஒரு மரம் நிற்கும். கொடுமுடி கோயிலில் இருக்கிறதே, அந்த வன்னியேதான், அங்கே கேஜ்ரி. அதன் இலைதான் ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம், பிஞ்சுக் காயை உலர்த்தி வைத்து மனிதர்களும் கறி செய்து சாப்பிடுகிறார்கள். 1730இல் ஜோத்பூர் பக்கத்துக் கேஜர்லியில் அரசன் ஆட்கள் இந்த மரங்களை வெட்ட வந்தபோது, அம்ரிதா தேவியோடு சேர்த்து 363 பிஷ்னோய் சமூகத்து மக்கள் மரத்தைக் கட்டிக்கொண்டே உயிரை விட்டார்கள். நம் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) கொழுக்கட்டைப் புல்லும் அங்கே உண்டு. அப்பா இதையெல்லாம் கண்டால் காரை நிறுத்தச் சொல்வார், நேரம் ஒதுக்கி வையுங்கள்.

சத்திக்காரன்:

பாட்டைப் பற்றி யாருமே சொல்லவில்லையே! எனக்கு அந்த விழாவே மாங்கணியார் பாட்டுதான். முஸ்லிம் குடும்பங்கள், ஆனால் தலைமுறை தலைமுறையாக இந்து ராஜபுத்திர வீடுகளில் பிள்ளை பிறந்தால், கல்யாணம் என்றால் இவர்கள்தான் போய்ப் பாடுவார்கள், அந்த வீட்டு வம்சாவளியே இவர்கள் வாயில் இருக்கும். கமைச்சா என்று ஒரு வில் வாத்தியம், மாமரத்தில் குடைந்து ஆட்டுத்தோல் போர்த்தியது, அடித்தொண்டையிலிருந்து வருகிற மாதிரி ஒரு நாதம். அதை வாசித்த ஹமீரா கிராமத்து சாகர் கானுக்கு 2012இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

கூடாரங்களில் பல இடத்தில் இவர்களை இரண்டு பாட்டோடு நிறுத்திவிட்டு டிஜே போட்டுவிடுவார்கள், எனக்கு அது தாங்கவே முடியாது. அதனால் விழா மேடைக்கு முன்னால் சீக்கிரமே இடம் பிடியுங்கள். பாம்பாட்டிச் சமூகத்தின் காளபேலியா ஆட்டமும் அங்கேயே பார்க்கலாம், 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஜோத்பூரில் தங்கும் நாளில் ஊருக்கு வெளியே அர்ணா ஜர்ணா என்ற அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். நாட்டார் கலைகளுக்காகவே வாழ்ந்த கோமல் கோத்தாரி உருவாக்கியது, விதவிதமான துடைப்பங்களை வைத்தே பாலைவன வாழ்க்கையைச் சொல்லியிருக்கிறார். உங்கள் அம்மாவுக்குக் கட்டாயம் பிடிக்கும்.

கோபிப்பொண்ணு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. அப்பாவிடம் படித்துக் காட்டினேன், நாகௌர் என்றதும் "அப்ப அங்கதான் மொதல்ல" என்று சொல்லிவிட்டார். அம்மா ஒட்டகத்தில் ஏறலாமா? சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா?

நொய்யல்கரை:

அம்மாவை ஏற்ற வேண்டாம்ங்க. ஒட்டகம் எழுந்திரிக்கும்போது பின்னங்காலைத்தான் முதலில் தூக்கும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சாய்வார், முழங்காலை இறுக்கிப் பிடிக்க வேண்டிவரும். சம்மில் ஒட்டக வண்டி கிடைக்கும், அதில் மெத்தை போட்டு உட்கார வைப்பார்கள். அப்பா ஏறினால் எழும்போது பின்னால் சாயச் சொல்லுங்கள். சைவச் சாப்பாட்டுக்கு அந்தப் பக்கம் பஞ்சமே இல்லை, கம்பு ரொட்டியும் மோரும் எல்லா இடத்திலும் உண்டு. பருப்போடு தரும் 'பாட்டி' என்கிற சுட்ட கோதுமை உருண்டையில் நெய் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், ராத்திரியில் மட்டும் அளவாகச் சாப்பிடச் சொல்லுங்கள்.