மூன்று வயதுப் பையனுக்கு வீட்டில் முடி வெட்டுதல்: பாதியில் நிற்கிறது, மெஷினைப் பார்த்தாலே அழுகிறான், உதவுங்கள்

வாலுப்பையன் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். மகனுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. முடி வெட்டும் கடை நாற்காலியில் ஏற்றினாலே அலறுகிறான் என்பதால் வீட்டிலேயே வெட்டிவிடலாம் என்று இறங்கினோம். இப்போது இடப்பக்கம் காதுக்கு மேலே குறைந்திருக்கிறது, வலப்பக்கம் காதை மூடிக்கொண்டு அப்படியே கிடக்கிறது. நடுவில் எழுந்து ஓடிக் கட்டிலுக்கு அடியில் புகுந்தவன்தான். அப்புறம் மெஷினைக் கையில் எடுத்தாலே அழுகை.

வீட்டில் இருப்பது அவன் அப்பாவின் தாடி டிரிம்மர். அதில் 10 மி.மீ. சீப்பை மாட்டி ஓட்டினோம். முதலில் நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தான், சத்தத்தைக் கேட்டுச் சிரிக்கவும் செய்தான். காதுக்குப் பின்னால் போனதும் ‘ஆ’ என்று தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். காயம் எதுவும் இல்லை, நன்றாகப் பார்த்துவிட்டேன்.

இரண்டு கேள்வி. இந்த மெஷின் பயத்தை எப்படிப் போக்குவது? இடப்பக்கம் வெட்டிய இடத்துக்கும் மேலே நீளமாக இருக்கும் முடிக்கும் நடுவில் பளிச்சென்று ஒரு கோடு தெரிகிறது, அதை எப்படி மறைப்பது?

இரட்டையர் அப்பா:

எங்கள் வீட்டிலும் இதே கூத்துதான். கைப்பேசியில் அவனுக்குப் பிடித்த கார்ட்டூனைப் போட்டுக் கொடுங்கள், பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் கையில் கொடுக்காதீர்கள், நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். பிடரியை வெட்டும்போது கைப்பேசியை மடிப்பக்கம் தாழ்த்தினால் தலை தானாகக் குனியும். நெற்றி முடிக்குக் கண் உயரத்துக்குத் தூக்கினால் நிமிர்ந்துவிடும். ‘குனி, நிமிர்’ என்று சொல்லவே வேண்டாம்.

அதுவும் சரிவரவில்லை என்றால் தூங்கும்போது வெட்டிவிடுங்கள். சிலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

சீப்பும் கத்தரியும்:

நான் முடி திருத்தும் தொழிலில் இருப்பவன். அம்மா, நீங்கள் எழுதியதில் ஒரு வரி கண்ணில் பட்டது. சத்தத்தைக் கேட்டுச் சிரித்தான் என்கிறீர்கள். சத்தத்துக்குச் சிரித்த பிள்ளை சத்தத்துக்குப் பயப்படவில்லை. மெஷின் முடியைப் பிடித்து இழுத்திருக்கிறது. வெட்டுக்காயம் இல்லாமலே அது நன்றாக வலிக்கும், அதுவும் காதுக்குப் பின்னால். பிள்ளையைச் சமாதானப்படுத்துவதற்கு முன்னால் மெஷினைச் சரிபார்க்க வேண்டும்.

சில விவரம் சொல்லுங்கள். ஓட்டும்போது முடி எவ்வளவு நீளம் இருந்தது? தலையில் எண்ணெயோ ஈரமோ இருந்ததா? டிரிம்மரில் சார்ஜ் முழுதாக இருந்ததா? பிளேடுக்குக் கடைசியாக எப்போது எண்ணெய் விட்டீர்கள்?

வாலுப்பையன் அம்மா:

முடி என் விரல் நீளத்துக்கு இருந்தது. எண்ணெய் இல்லை, ஆனால் படியவேண்டும் என்று தண்ணீர் தெளித்துச் சீவியிருந்தேன். சார்ஜ் விளக்கு சிவப்பில் இருந்ததாக இவர் இப்போதுதான் சொல்கிறார். பிளேடுக்கு எண்ணெய் விடவேண்டும் என்பதே எங்கள் இருவருக்கும் புதுச் செய்தி!

சீப்பும் கத்தரியும்:

அப்படியானால் காரணம் கிடைத்துவிட்டது, ஒன்றல்ல, நாலும் சேர்ந்தே.

தாடி டிரிம்மர் குட்டையான, தடித்த முடிக்குச் செய்தது. குழந்தை முடி மெலிசு, வழுவழுப்பு. விரல் நீள முடியை அதில் விட்டால் பல்லுக்குள் ஒழுங்காக நுழையாமல் மடங்கிச் சிக்கிக்கொள்ளும். ஈரமாக இருந்தால் இழைகள் ஒட்டிக்கொண்டு கற்றையாகப் போகும். சார்ஜ் குறைந்தால் பல மெஷின்களில் பிளேடின் வேகம் குறையும், வேகம் குறைந்த பிளேடு வெட்டாது, கவ்வும். எண்ணெய் இல்லாத பிளேடு சீக்கிரம் சூடாகும், மழுங்கவும் செய்யும்.

முழு சார்ஜ் ஏற்றுங்கள். பிளேடின் இடுக்கில் இருக்கும் துணுக்கு முடியைச் சின்ன பிரஷால் துலக்கி எடுங்கள். மெஷினோடு வந்த எண்ணெய் இருந்தால் அது, இல்லையென்றால் தையல் மெஷின் எண்ணெய், ஒன்றிரண்டு சொட்டு விட்டுச் சிறிது நேரம் ஓடவிட்டு, வழிவதைத் துணியால் ஒற்றி எடுங்கள். தலைக்குத் தேய்க்கும் எண்ணெயோ சமையல் எண்ணெயோ வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்து இறுகிவிடும். பிளேடைக் கழற்றி மாட்டினால் ஒன்று கவனியுங்கள்: அசையும் பிளேடின் பல் நுனி, அசையாத பிளேடின் நுனியைவிடக் கொஞ்சம் உள்ளே இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தோலைக் கிழிக்கும்.

பிறகு உங்கள் பிடரியிலோ அவர் பிடரியிலோ ஓட்டிப் பாருங்கள். உங்களுக்கே சுருக்கென்று இழுத்தால் பிள்ளை தலைப்பக்கம் கொண்டுபோகவே கூடாது.

தலை நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். முதலில் கத்தரியால் நீளத்தைக் குறைத்து, இரண்டு மூன்று செ.மீ. அளவுக்குக் கொண்டுவந்தபின் மெஷின் போடுங்கள். மெதுவாக ஓட்டுங்கள். அவசரமாகத் தள்ளினால் நல்ல மெஷினும் இழுக்கும். இடையிடையே பிளேடை மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூடு பாருங்கள். சுட்டால் அணைத்துவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள்.

குழந்தைகள் வார்டு செவிலி:

தூங்கும்போது வெட்டச் சொன்ன நண்பரிடம் எனக்கு உடன்பாடில்லை. தூக்கத்தில் இருக்கும் பிள்ளை எப்போது தலையைத் திருப்பும் என்று யாருக்கும் தெரியாது. கத்தரி முனை கண்ணுக்கும் காதுக்கும் பக்கத்தில் இருக்கிறது. வெட்டிய துணுக்கு கண்ணிலும் மூக்கிலும் விழும். பாதியில் விழித்துக்கொண்டால் அடுத்த முறை தூங்கவே பயப்படும். இரண்டு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்து வெட்டுவதும் இதே ரகம்தான்.

காது மடலில் கீறல் பட்டால் அளவுக்கு மீறி ரத்தம் வருவதுபோலத் தெரியும். சுத்தமான துணியை வைத்து விடாமல் 10 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். அப்போதும் நிற்கவில்லை, அல்லது காயம் வாய் பிளந்திருக்கிறது என்றால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

வெட்டும் சாக்கில் மண்டைத் தோலையும் ஒரு பார்வை பாருங்கள். வட்டமாக முடி உதிர்ந்து, அந்த இடம் செதில் செதிலாக இருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். குழந்தைகளுக்குத் தலையில் வருவது சகஜம். களிம்பு மட்டும் போதாது, உள்ளுக்கு மருந்து வேண்டியிருக்கும். சீப்பு, மெஷின் வழியாக மற்றவர்களுக்கும் பரவும்.

வாலுப்பையன் அம்மா:

இரண்டு பேருக்கும் நன்றி. இவர் பிடரியில் ஓட்டிப் பார்த்தோம். மனிதர் துள்ளிவிட்டார்! பாவம் பிள்ளை. துலக்கி, எண்ணெய் விட்டு, சார்ஜ் ஏற்றியதும் சத்தமே மாறிவிட்டது, இப்போது இழுக்கவில்லை. ஆனால் மகன் மட்டும் இன்னும் மெஷினைக் கண்டால் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்கிறான். அந்தக் கோடு வேறு அப்படியே இருக்கிறது.

இரட்டையர் அப்பா:

செவிலி சொல்வது சரிதான், தூக்க யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

காது பொத்தலுக்கு: இன்றைக்கு வெட்டாதீர்கள். அணைத்த மெஷினை விளையாடக் கொடுங்கள், பொம்மைக்கு வெட்டட்டும். அப்புறம் ஓடுகிற மெஷினின் பின்பக்கத்தை, பிளேடு இல்லாத பக்கத்தை, அவன் உள்ளங்கையில் வையுங்கள். குறுகுறுப்பு பிடித்துவிட்டால் முழங்கை, தோள் என்று மேலே வாருங்கள். அவன் ‘போதும்’ என்றால் உடனே எடுத்துவிடுங்கள், அதுதான் முக்கியம். சொன்னால் நிறுத்துவார்கள் என்று தெரிந்தால்தான் அடுத்த தடவை உட்காருவான். ‘வலிக்கவே வலிக்காது’ என்று மட்டும் சொல்லாதீர்கள், அவனுக்கு ஏற்கெனவே வலித்திருக்கிறது. ‘அன்றைக்கு மெஷின் கெட்டுப்போயிருந்தது, அப்பா சரிசெய்துவிட்டார்’ என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

கழுத்தில் போர்வை கட்டுவதும் சில பிள்ளைகளுக்கு ஆகாது. அப்பாவின் பழைய சட்டையை, பொத்தான் முதுகுப்பக்கம் வரும்படி மாட்டிவிடுங்கள்.

சீப்பும் கத்தரியும்:

கோட்டுக்கு வருகிறேன். காதுக்கு மேலே பக்கவாட்டில் நேராக நிற்கும் மண்டை, ஓர் இடத்தில் உச்சியை நோக்கி உள்ளே வளையும். விரலால் தடவினால் தெரியும். மெஷினைக் கீழிருந்து மேலே கொண்டுபோகும்போது அந்த வளைவோடு சேர்ந்து உள்ளே போகக் கூடாது. சுவரில் பூச்சுக்கரண்டியை இழுத்து முடிப்பதுபோல, நேராக மேலே போய் வெளிப்பக்கமாக எடுத்துவிட வேண்டும். அப்படி எடுக்காமல் ஒரே இடத்தில் நிறுத்தினால் கோடு விழும்.

விழுந்த கோட்டை எடுக்கக் கத்தரியும் சீப்பும் போதும். சீப்பைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வைத்து, பல் மேல் நோக்கி இருக்க, நுனி தலையைவிட்டு வெளியே சாயும்படி பிடியுங்கள். அப்படியே மெதுவாக மேலே நகர்த்துங்கள். பல்லுக்கு வெளியே நீட்டும் முடியை மட்டும், கத்தரியைச் சீப்புக்கு இணையாகப் பிடித்து வெட்டுங்கள். ஒரே வெட்டில் முடிக்கப் பார்க்காதீர்கள். கொஞ்சம் வெட்டி, சீவி, தள்ளி நின்று பாருங்கள். இன்னும் தெரிந்தால் கோட்டுக்கு மேலே உள்ள முடி நுனியில் கத்தரியைச் செங்குத்தாக வைத்து நுனி நுனியாகக் கொத்திவிடுங்கள். குறுக்கே வைத்து வெட்டினால் புதுக்கோடு ஒன்று பிறக்கும்.

கத்தரி முடி வெட்டுவதற்கென்று உள்ளதாக, முனை மழுங்கியதாக இருக்கட்டும். காகிதம் வெட்டும் கத்தரி முடியை மடக்கித் தள்ளும்.

வலப்பக்கம் முதலில் பெரிய சீப்பு மாட்டி ஓட்டிவிட்டு அப்புறம் 10-க்கு வாருங்கள். எப்போதும் நீளத்திலிருந்து குட்டைக்குத்தான். சீப்பு ‘டக்’ என்று மாட்டிக்கொண்டதா என்று ஒவ்வொரு முறையும் இழுத்துப் பாருங்கள், நடுவில் கழன்றால் சொட்டை விழும். இரண்டு கிருதாவும் சமமா என்று பார்க்கக் காதை அளவாக வைக்காதீர்கள், பலருக்குக் காதே ஒன்று ஏற்றம் ஒன்று இறக்கமாக இருக்கும். இரு கிருதாவின் அடியிலும் ஆள்காட்டி விரலை வைத்துக் கண்ணாடியில் நேராகப் பாருங்கள்.

வாலுப்பையன் அம்மா:

முடித்துவிட்டோம்! ஒரே நாளில் அல்ல, ஒரு நாள் வலப்பக்கம், மறுநாள் பிடரி. நடுவில் அப்படியே தெருவில் விளையாடப் போனான், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கோடு உற்றுப் பார்த்தால் லேசாகத் தெரிகிறது, விட்டுவிட்டேன். ஒரே குறை, உச்சிச் சுழியில் கொஞ்சம் முடி குத்திட்டு நிற்கிறது. இன்னும் குறைக்கட்டுமா? அப்புறம் என் மாமியார், ஒட்ட வெட்டினால்தான் முடி அடர்த்தியாக வளரும் என்கிறார்கள்.

சீப்பும் கத்தரியும்:

குறைக்காதீர்கள், குறைக்கக் குறைக்க இன்னும் நிமிரும். சுழியில் முடி வட்டமாகச் சுற்றி வளர்கிறது, நீளம் இருந்தால்தான் தன் பாரத்தில் படியும். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும், அந்த லேசான கோடும் அதோடு மறையும்.

பெரியவர்கள் சொல்வதை வீட்டில் மறுக்க வேண்டாம், ஆனால் அது உண்மையில்லை. முடியின் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது, மேலே வெட்டுவது அதற்குத் தெரியாது. வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் தொட்டால் தடிப்பாகத் தோன்றும், அவ்வளவுதான்.

குழந்தைகள் வார்டு செவிலி:

வீட்டில் கைக்குழந்தையும் இருந்தால் தரையை நன்றாகப் பெருக்கிவிடுங்கள், அம்மா உட்பட யாருடைய நீள முடியும் கிடக்கக் கூடாது. ஓர் இழை குழந்தையின் கால் விரலில் சுற்றிக்கொண்டு இறுக்கினால் விரல் வீங்கிச் சிவந்துவிடும், காரணம் தெரியாமல் குழந்தை அழுதுகொண்டே இருக்கும். காலுறையைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். கழுத்தில் ஒட்டிய துணுக்குக்குப் பவுடரைக் கொட்டாதீர்கள், மூச்சில் போகும். உலர்ந்த மெல்லிய துணியால் தட்டிவிட்டுக் குளிப்பாட்டினால் போதும்.

சுருட்டைமுடிக்காரி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு நான்கு வயது, சுருட்டை முடி. நெற்றி முடி கண்ணில் விழுகிறது. நனைத்துச் சீவிப் புருவத்துக்கு நேராக வெட்டலாமா?

சீப்பும் கத்தரியும்:

வேண்டாம். நனைந்த முடி நீண்டு நிற்கும், காய்ந்ததும் மேலே ஏறும். சுருட்டை முடி அதிலும் அதிகம் ஏறும், பாதி நெற்றியில் போய் நிற்கும். உலர்ந்த நிலையில், சுருள் இயல்பாக விழும்போது, ஒவ்வொரு சுருளாக நுனியை மட்டும் வெட்டுங்கள். விரலால் இழுத்துப் பிடிக்காதீர்கள். சிரிக்காமல், புருவத்தைத் தூக்காமல் இருக்கச் சொல்லிவிட்டு, கண் இமைக்குச் சற்று மேலே வரும் அளவுக்கு வையுங்கள். மீதியை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.