புல்லட் 350 பழைய இரும்பு எஞ்சின்: நீலப் புகை, கீழே தட்டல், கூடவே டர்போ. எந்த வரிசையில் செய்வது?

கேள்வி:
அண்ணன்மாருக்கு வணக்கம். வண்டி 1984 புல்லட் 350. பாயின்ட் இக்னிஷன், மிக்கார்ப் 24 கார்புரேட்டர். ஒரு வாரம் நிறுத்திட்டு உதைச்சா நீலப் புகை தெருவையே மூடுது. அஞ்சு நிமிஷத்துல குறையுது, ஆனா முழுசா நிக்கல. மேடு ஏறும்போது திரும்ப வருது. த்ராட்டில் கொடுத்தா கீழ்ப்பக்கம் டக் டக்னு தட்டல். ஹெட்டும் சிலிண்டரும் கழற்றியாச்சு. சிலிண்டரோட உள்விட்டத்தில் மேல் பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் 0.16 மி.மீ. வித்தியாசம். பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கிற ராடை நேரா மேலே இழுத்தா லேசா ஆட்டம் தெரியுது. எல்லாம் பிரிச்ச கையோட டர்போவும் (எக்சாஸ்ட் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள்ள காத்தைத் திணிக்கிற விசிறி) போடலாம்னு, 800 சிசி டீசல் காரிலிருந்து கழற்றின ஒண்ணை வாங்கி வெச்சிருக்கேன். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

பதில் 1:
தம்பி, உங்க வண்டியில ரெண்டு தனித்தனிக் கோளாறு இருக்கு. நின்ன வண்டியை உதைச்சதும் வந்து குறையிற புகை, எண்ணெய் டேங்கில் இருக்கிற எண்ணெய், பம்ப் வழியா கிராங்க்கேஸுக்குள்ள கசிஞ்சு தேங்கினது. பம்ப் டிஸ்க் தேய்ஞ்சா இது வரும். மேட்டில் வர்ற புகை ரிங்கும் சிலிண்டரும். 0.16 மி.மீ. தேய்மானத்துக்குப் புது ரிங் மட்டும் போட்டால் ஆயிரம் கிலோமீட்டர்கூட நிக்காது, போர் போட்டே ஆகணும், அதாவது சிலிண்டரைக் குடைஞ்சு பெருசாக்கணும்.

பிஸ்டனை முதல்ல வாங்குங்க. 20 ஓவர்சைஸ் (20 தவு பெருசு; ஒரு தவு இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) போதுமா, 30 வேணுமான்னு சிலிண்டரை அளந்து முடிவு பண்ணுங்க. பிஸ்டன் கையில இல்லாம போர் போடக் கொடுக்காதீங்க. லேத்துக்காரர் பிஸ்டன் ஸ்கர்ட்டை மைக்ரோமீட்டரில் அளந்து, அதுக்கு மேல நாலு தவு, அதாவது 0.10 மி.மீ. இடைவெளி விட்டு ஹோன் பண்ணட்டும் (கல்லால் தேய்ச்சு வழவழப்பாக்கட்டும்). இரும்பு சிலிண்டர், காத்துல மட்டும் குளிரணும். இறுக்கமா விட்டால் முதல் நீண்ட ஓட்டத்திலேயே பிஸ்டன் சூட்டில் இறுகி சீஸ் ஆகும். ரிங்கைத் தனியா சிலிண்டருக்குள்ள தள்ளி முனை இடைவெளி பாருங்க: 0.28 முதல் 0.35 வரை சரி.

தட்டல் பிக் எண்ட், அதாவது ராடோட கீழ்முனை. ராடு பக்கவாட்டில் கொஞ்சம் அசையலாம், அது இருக்க வேண்டிய இடைவெளி. மேலும் கீழுமா துளிகூட ஆடக் கூடாது. கிராங்க்கைப் பிரிச்சு ஃப்ளோட்டிங் புஷ் (ராடுக்கும் பின்னுக்கும் நடுவுல சுழல்ற வளையம்) மாத்தணும், பின்னில் வரி விழுந்திருந்தா பின்னும் சேர்த்து. பூட்டின பிறகு லேத் சென்டரில் ஏத்தி டயல் வெச்சுப் பாருங்க, சுத்தும்போது வர்ற கோணல் (ரன்-அவுட்) 0.05 மி.மீ.க்குள்ள நிக்கணும். பின்னோட எண்ணெய்த் துளைகளில் பெட்ரோல் ஊற்றி, கம்ப்ரஸர் காத்து விட்டுக் கறுப்புச் சேறு வெளியே வர்ற வரை ஊதுங்க. பலரும் மறக்கிறது டைமிங் கவரில் கிராங்க் முனைக்கு எதிரே இருக்கிற கார்க் சீல். அது சுருங்கினா எண்ணெய் புஷ்ஷுக்குப் போகாம பக்கத்தில் ஒழுகிடும். புதுப் புஷ்ஷும் மறுபடி தட்டும்.

பதில் 2:
டர்போ பத்தி. 346 சிசி எஞ்சின் 5000 சுழற்சியில் நிமிஷத்துக்கு 690 லிட்டர் அளவுக்குத்தான் காத்து இழுக்கும். உங்க டர்போ வந்த எஞ்சின், பூஸ்ட் இல்லாமலே, 3500 சுழற்சியில் ஏறக்குறைய ரெண்டு மடங்கு இழுக்கும். அந்த டர்பைனை சுத்தவைக்கிற எக்சாஸ்ட் புல்லட்டில் கிடையாது. ஒத்தை சிலிண்டர் ரெண்டு சுற்றுக்கு ஒரு தடவை மட்டும் காத்து வாங்கும். நடுவுல காத்தைப் பிடிச்சு வைக்க எஞ்சினைவிடப் பல மடங்கு பெரிய பெட்டி வேணும்.

எண்ணெய் இன்னும் பெரிய சிக்கல். டர்போ பேரிங் நிலையான அழுத்தத்தில் எண்ணெய் கேட்கும். புல்லட் பம்ப்புக்கு அந்த அழுத்தம் கிடையாது. தனி டேங்க், தனி மின் பம்ப் வைக்கணும், அதை ஓட்ட வண்டியோட மின்சாரத்தில் மிச்சம் இருக்காது. ஹோண்டா 1982ல் 497 சிசி, ரெண்டு சிலிண்டர் சிஎக்ஸ்500 டர்போவை விட்டப்ப தண்ணிக் குளிர்ச்சி, ஃபியூயல் இன்ஜெக்ஷன் எல்லாம் வெச்சும், கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள்ள காத்தை எத்தனை மடங்கு அமுக்குதுங்கிற அளவு) 10லிருந்து 7.2க்கு இறக்க வேண்டியிருந்தது.

கேட்டவர்:
புல்லட்டில் கம்ப்ரஷன் ஏற்கெனவே குறைச்சல்தானே அண்ணா? 5 பிஎஸ்ஐ (சதுர இன்ச்சுக்கு 5 பவுண்டு அழுத்தம்) மட்டும், இதே கார்புரேட்டர் வழியா ஊதினா?

பதில் 2:
கம்ப்ரஷன் தடை இல்லை, நீங்க சொல்றது நியாயம். பெட்ரோல்தான் தடை. பெட்ரோல் டேங்க், கார்புரேட்டரோட மிதவைக் கிண்ணத்துக்கு ஒரு அடி மேலே இருந்தா, அந்த உயரம் தர்ற அழுத்தம் 0.3 பிஎஸ்ஐ. கிண்ணத்துக்கு மேல 5 பிஎஸ்ஐ ஊதினா பெட்ரோல் இறங்கவே இறங்காது. கிண்ணத்துக்குக் காத்து விடாம வென்ட்டைத் திறந்து வெச்சா, பெட்ரோல் ஜெட் ஏறாது. ரெண்டு வழியிலயும் கலவை மெலிஞ்சு, பிஸ்டன் உச்சியில் ஓட்டை விழும். யமஹா எக்ஸ்ஜே650 டர்போவில் கார்புரேட்டர் வழியாத்தான் ஊதினாங்க, ஆனா கிண்ணங்களுக்கும் அழுத்தம் கொடுத்து, பெட்ரோல் பம்ப்பும் வெச்சாங்க. அதோட, ஆர்சியில் இருக்கிற விவரத்துக்கு மாறா எஞ்சினை மாத்தி ரோட்டில் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இடம் தராது. இந்த எஞ்சினுக்கு வேண்டாம் தம்பி. டர்போவை வித்து, அந்தக் காசைக் கிராங்க்கில் போடுங்க.

கேட்டவர்:
சரிண்ணா, டர்போ வேண்டாம். எண்ணெய் பம்ப் டிஸ்க்கைக் கண்ணாடி மேல கிரைண்டிங் பேஸ்ட் வெச்சுத் தேய்ச்சேன். ஓரம் சாம்பலா ஆச்சு, நடுவுல கறுப்பு வளையம் அப்படியே நிக்குது.

பதில் 1:
அந்த வளையம்தான் பள்ளம். எட்டு வடிவத்தில், அழுத்தாம, முகம் முழுக்க ஒரே சாம்பல் ஆகிற வரை தேயுங்க. டிஸ்க் உட்கார்ற இடத்தையும் அதே பேஸ்ட்டில் லேசா ஜோடி சேர்த்துத் தேய்க்கணும், ஒண்ணை மட்டும் சரி பண்ணினா அடைக்காது. அப்புறம் மண்ணெண்ணெயில் மூணு தடவை கழுவுங்க. பேஸ்ட் ஒரு துளி மிஞ்சினாலும் புதுப் புஷ்ஷைத் தின்னுடும். பூட்டி எண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் கிராங்க்கேஸ் டிரெயின் போல்ட்டைத் திறந்து பாருங்க. ரெண்டு ஸ்பூன் வந்தா பரவாயில்லை, கால் டம்ளர் வந்தா மறுபடி தேய்க்கணும்.

உதைச்சதும் டைமிங் கவரில் ஃபீட் பிளக்கை (எண்ணெய் போற வழியை மூடுற போல்ட்) ரெண்டு சுத்து தளர்த்தி எண்ணெய் வருதான்னு பாருங்க. வரலைன்னா உடனே நிறுத்திடுங்க. பாயின்ட் (திறந்து மூடி ஸ்பார்க் வரவைக்கிற தொடுமுனை) இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. ஸ்பார்க் டைமிங், பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மி.மீ. முன்னாடி, அட்வான்ஸ் (வேகம் கூடினா ஸ்பார்க்கை முன்தள்ளுற அமைப்பு) முழுசா சுருங்கின நிலையில். பாயின்ட் நடுவுல சிகரெட் பேப்பர் வெச்சு, அது லேசா நழுவுற இடம்தான் திறக்கிற இடம். வால்வைத் திறக்கிற கம்பியான புஷ்ராடு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, ரெண்டு விரலில் சுத்தணும், மேலே கீழே ஆடக் கூடாது. முதல் 500 கிலோமீட்டர் 50 வேகத்துக்கு மேல வேண்டாம், முடிஞ்சதும் எண்ணெய் மாத்திடுங்க.