கேன்சர் முடிந்து பத்து வருஷம் ஆனவர்கள், உங்கள் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது?

கும்பகோணம், ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 69

2012-ல் எனக்கு இடது மார்பகத்தை எடுத்தார்கள். கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து லெட்ரோசோல் மாத்திரை ஏழு வருஷம். 2020-ல் அதையும் நிறுத்திவிட்டு, "இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்மா" என்றார் டாக்டர். அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தோம். அதற்குப் பிறகு வருஷா வருஷம் வலது பக்கத்துக்கு மேமோகிராம் எடுப்பேன், ஒன்றுமில்லை என்று வரும், ஃபைலை பீரோவில் வைத்துவிடுவேன்.

போன ஐப்பசியில் அரைக்குடம் தண்ணீரை இடுப்பிலிருந்து இறக்கினேன். நடுமுதுகில் காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாள் தைலம் தேய்த்தேனே தவிர யாரிடமும் சொல்லவில்லை. திரும்ப வந்துவிட்டது, எலும்புக்கு ஏறிவிட்டது என்றுதான் நினைத்தேன். அந்த மூன்று ராத்திரியும் நான் தூங்கவில்லை.

ஸ்கேனில் கேன்சர் இல்லை. முதுகெலும்பில் ஒன்று அமுங்கிப்போயிருந்தது. எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்ததில் -3.2. இந்தக் கணக்கில் -2.5 வந்தாலே எலும்புப்புரை என்கிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகும் உடம்பில் கொழுப்பிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் சுரந்துகொண்டிருக்குமாம். அது கேன்சருக்குத் தீனி. எலும்புக்குக் காவலும் அதுதான். லெட்ரோசோல் அதை அடியோடு குறைத்துவிடுகிறது. மாத்திரையைக் குறை சொல்லவில்லை, அதனால்தான் இதை எழுத நான் இருக்கிறேன். ஆனால் ஏழு வருஷத்தில் ஒருமுறைகூட எனக்கு யாரும் டெக்ஸா எழுதித் தரவில்லை, கேட்கவேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

இப்போது யோசித்தால், ஒரு வருஷமாகவே புடவைக் கொசுவம் தரையில் இழுபட்டது. புடவை நீளம் கூடிவிட்டதா என்று மருமகளிடம் கேட்டிருக்கிறேன். நான்தான் குள்ளமாகிக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு என்ன நடந்தது, சொல்லுங்கள்.

கோயம்புத்தூர், மகள் எழுதுகிறேன்

வணக்கம் டீச்சர். அம்மாவுக்கு 74. அவங்களுக்கு எழுத வராது, அதனால நான் எழுதறேனுங்க. 2009-ல ஆறு கீமோ. அதுல அந்தச் சிவப்பு மருந்து இருந்துச்சு. ஊசி போட்ட அன்னைக்கு ஒண்ணுக்குக்கூடச் சிவப்பா போகும்.

அப்ப எனக்குக் கல்யாணம் ஆகலை. அம்மாவுக்குக் கேன்சர்னு தெரிஞ்சா பொண்ணு எடுக்க யோசிப்பாங்கன்னு, சொந்தத்துல ஒருத்தருக்கும் சொல்லலை. கர்ப்பப்பை ஆபரேஷன்னு சொல்லி வெச்சோம். எல்லாம் முடிஞ்ச அடுத்த வருஷம் போகிக்கு அந்த ஃபைலைப் பழைய பாயோட சேர்த்துத் தீயில போட்டாங்க அம்மா. அது இருந்த சுவடே வீட்டுல இருக்கக்கூடாதுன்னு சொன்னாங்க. நானும் பக்கத்துலதான் நின்னேன், தடுக்கலை.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குச்சு. வயசாச்சில்ல, அப்படித்தான் இருக்கும்னு பக்கத்து டாக்டர் சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். அப்புறம் ராத்திரி படுக்க முடியலை. ஒரு தலையணை ரெண்டாச்சு, ரெண்டு மூணாச்சு. கணுக்கால்ல விரலை வெச்சு அழுத்தி எடுத்தா குழி அப்படியே நின்னுச்சு. இருதய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். "இதுக்கு முன்னாடி பெரிய வியாதி ஏதாவது?"ன்னு கேட்டார். அம்மா டக்குனு "ஒண்ணுமில்லீங்க"ன்னுட்டாங்க. பதிமூணு வருஷமா அந்தப் பதிலையே சொல்லிப் பழகின வாய்.

இருதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுதுன்னு எக்கோ ஸ்கேன்ல பார்த்ததுல 35 சதவீதம்னு வந்துச்சு. வெளியே பெஞ்சுல உட்கார வெச்சுட்டு நான் மட்டும் திரும்ப உள்ளே போய்ச் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வெச்சுட்டார். அந்த மருந்து, டாக்ஸோரூபிசின், இருதயத் தசையைப் பாதிக்கலாமாம். எவ்வளவு ஏறுதோ அவ்வளவு ஆபத்து. பல வருஷம் கழிச்சும் வெளியே தெரியலாம். எத்தனை மில்லிகிராம் ஏறுச்சு, ரேடியேஷன் எந்தப் பக்கம்னு கேட்டார். இடது பக்கம்னா இருதயம் பக்கத்துல இருக்கே. ஃபைல்தான் சாம்பலாச்சே. பழைய ஆஸ்பத்திரிக்கு நாலு நடை நடந்து டிஸ்சார்ஜ் சம்மரி நகல் வாங்கினேன்.

வயசானவங்களுக்குக் கேன்சர் குணமான பிறகு, பல பேருக்கு அதைவிட இருதயம்தான் பெரிய எமனுன்னு அவர் சொன்னார். அதனால சொல்றேன், சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் எதையும் விட்டுடாதீங்க. ஃபைலை எரிக்காதீங்க.

மதுரை, வயது 67

மார்புப் புற்று திரும்ப வராம இருக்க எனக்கு டமாக்சிஃபென்னு ஒரு மாத்திரை கொடுத்தாங்க. தீட்டு நின்னு பதினோரு வருஷம் ஆச்சு. திடீர்னு ஒருநாள் உள்பாவாடையில ரெண்டு சொட்டு ரத்தம். மகன் வீட்டுல இருக்கேன், அவன்கிட்ட எப்படிச் சொல்றது? ஒரு மாசம் மறைச்சேன். துணி துவைக்கிறப்ப மருமக பார்த்துட்டு அன்னைக்கே கூட்டிட்டுப் போனா. கர்ப்பப்பை உள்சவ்வு தடிச்சிருந்துச்சு. சதை எடுத்துப் பார்த்ததுல வெறும் பாலிப்புதான்னு வந்துச்சு, மீனாட்சி காப்பாத்துனா. அந்த மாத்திரையால கர்ப்பப்பையில புற்று வர வாய்ப்பு கொஞ்சம் கூடுமாம். தீட்டு நின்னவங்களுக்கு ஒரு சொட்டு பட்டாலும் உடனே சொல்லணும். கால்ல ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிச்சாலும் ரத்தக் கட்டியான்னு பார்க்கணும்னு சொன்னாங்க.

யாழ்ப்பாணம், வயது 66

அக்கா, எனக்குக் கைதான் பிரச்சினை. ஒப்பரேஷன் செய்து ஒன்பது வருஷம் ஒரு வீக்கமும் இல்லை. பிறகு ஒருநாள் கத்தரித் தோட்டத்தில முள்ளுக் குத்தினது. பெரிசா எடுக்கேல்லை. இரவு நடுக்கத்தோட காய்ச்சல், விடியக் கை சிவந்து தடிச்சுப்போச்சு. அம்மா போட்டுவிட்ட காப்பு, கழட்ட ஏலாமல் கடைசியில வெட்டித்தான் எடுத்தது. கமக்கட்டில நிணநீர்க் கணுக்களை எடுத்தால் அந்தக் கையில நீர் வடியிற வழி குறைஞ்சுபோகும், எத்தனை வருஷம் போனாலும் வீங்கலாம் எண்டு கிளினிக்கில சொல்லிச்சினம்.

அதுவரைக்கும் பாரம் தூக்கப் பயந்து கையைப் பொத்திப் பொத்தி வைச்சிருந்தன். பிசியோ பிள்ளை அதுதான் பிழை எண்டவ. 2009-ல அமெரிக்காவில வெளிவந்த ஆய்வில, மெல்ல மெல்லப் பாரத்தைக் கூட்டித் தூக்கப் பழகின பெண்களுக்குக் கை வீக்கம் கூடேல்லையாம். இப்ப அரை லீட்டர் தண்ணிப் போத்தலோட தொடங்கி ஒரு கிலோ வரைக்கும் வந்திட்டன், இறுக்கமான உறையைப் போட்டுக்கொண்டு. தோட்டத்துக்குப் போனால் கையுறை. காப்பு இனி மற்றக் கைக்குத்தான்.

சென்னை, வயது 71

பேக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து போட்டதிலிருந்து பாதம் மரத்துப்போனது இன்னும் சரியாகவில்லை. மார்க்கெட்டில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் பாதித் தெரு நடந்திருக்கிறேன். பாத்ரூமில் கைப்பிடி வைத்துவிட்டோம். டீச்சர் மாதிரி எலும்பும் தேய்ந்து, காலும் மரத்துப்போனவர்கள் முதலில் அதைச் செய்யுங்கள். வழவழப்பான டைல்ஸ்தான் நமக்கு எதிரி.

கும்பகோணம், ஓய்வுபெற்ற ஆசிரியை

எல்லாருடையதையும் இரண்டு தடவை படித்தேன். போகிக் கதை மனதை விட்டுப் போகவில்லை. ஏனென்றால் நானும் பல் டாக்டரிடம் சொல்லாமல்தான் இருந்தேன். இப்போது எலும்புக்கு வருஷம் ஒரு ஊசி, ஜோலெட்ரோனிக் ஆசிட். அதைப் போடுவதற்கு முன்னால் ஆடுகிற பல் இருந்தால் எடுத்துவிட வேண்டுமாம். ஊசி போட்ட பிறகு பல்லைப் பிடுங்கினால் சில பேருக்குத் தாடை எலும்பு ஆறாது. இரண்டு பல்லை எடுத்து, புண் ஆறிய பிறகுதான் ஊசி போட்டார்கள்.

ஒரு அரைத் தாளில் ஆபரேஷன் தேதி, எந்தப் பக்கம், கீமோ மருந்துகளின் பெயர், மாத்திரை எத்தனை வருஷம், கடைசி டெக்ஸா, கடைசி எக்கோ எல்லாம் எழுதி, ஆதார் கார்டோடு பர்ஸில் வைத்திருக்கிறேன். போன வாரம் கண்புரைக்குப் போனபோது கையில் ஊசி குத்த வந்த நர்ஸிடம் அதை நீட்டினேன். படித்துவிட்டு, "அப்ப வலது கையில போடறேம்மா" என்றாள்.

கோயம்புத்தூர்ப் பெண்ணே, அம்மாவுக்கு இப்போ எத்தனை தலையணை?

கோயம்புத்தூர், மகள்

ரெண்டுங்க டீச்சர். மருந்து ஆரம்பிச்சு எட்டு மாசம் ஆச்சு. எக்கோ இப்ப 45.