மறு: ‘கூல் ரூஃப்’: வெள்ளைக்கூரையா, குளிர்கூரையா?

குழுவினருக்கு வணக்கம்.

வெயிலில் அதிகம் சூடேறாத கூரையை ஆங்கிலத்தில் ‘கூல் ரூஃப்’ என்கிறார்களே, அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழை நீண்டுகொண்டே போகிறது, முடிவு வந்தபாடில்லை. வந்த பரிந்துரைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன்.

> கோடையில் வீடு சூடேறாமல் இருக்கக் கூரைக்கு என்ன நிறம் பூசலாம் என்ற கையேட்டை மொழிபெயர்க்கிறேன். ‘கூல் ரூஃப்’ என்று வரும் இடத்தில் ‘வெள்ளைக்கூரை’ என்று போட்டுவிட்டால் என்ன?

போடக்கூடாது என்பது என் கட்சி. வெள்ளை பூசினால் சூடு குறையும் என்பது உண்மைதான். ஆனால் நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி, தரைக்கு வந்து சேரும் சூரிய ஆற்றலில் பாதிகூட இல்லை. சுமார் 43 விழுக்காடு அது. புற ஊதா ஒரு 5 விழுக்காடு. மீதி முழுக்க அகச்சிவப்பு. கூரை சூடேறுவதில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத இந்தப் பங்கின் வேலை. ஒரே அடர் பழுப்பில் இரண்டு பூச்சுகளை அருகருகே அடித்து வைத்தால் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. சாதாரண நிறமி கலந்த பூச்சு, விழும் வெயிலில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்பாது. அகச்சிவப்பைத் திருப்பும் நிறமி கலந்தது கால் பங்கைத் திருப்பிவிடும். வெளிர்நிறம் பிடிக்காதவர்களுக்காகவே இப்படிப்பட்ட அடர்நிறப் பூச்சுகள் வருகின்றன. அவற்றையும் ‘வெள்ளைக்கூரை’ என்ற பெயருக்குள் எப்படி அடைப்பது?

லத்தீனிலும் இந்தச் சிக்கல் நடந்திருக்கிறது. ‘ஆல்பிடோ’ என்றால் வெண்மை. ஒரு பரப்பு விழும் ஒளியில் எத்தனை பங்கைத் திருப்புகிறது என்பதைக் குறிக்க, லாம்பர்ட் என்ற அறிவியலாளர் 1760இல் ஒளியளவியலுக்குள் கொண்டுவந்த சொல் அது. பிற்பாடு அகச்சிவப்புக்கும் அதையே நீட்டிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பழகிவிட்டது, சரி. புதிதாகச் சொல் செய்யும் நாம் ஏன் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டும்?

> ‘வெப்பத்தடுப்புக் கூரை’ எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். கூரைக்குக் கீழே நுரைப்பலகையோ கண்ணாடியிழைப் பஞ்சோ வைத்து வெப்பம் உள்ளே இறங்காமல் மறிக்கிறோமே, அதைத்தான் வெப்பத்தடுப்பு, வெப்பக்காப்பு என்கிறோம். மேற்பரப்பு சூடான பிறகு நடக்கும் காவல் அது. பூச்சு செய்வது அந்தச் சூடே பெரிதாக ஏறாமல் பார்த்துக்கொள்வது. இரண்டும் ஒரே கையேட்டில் பக்கத்துப் பக்கத்தில் வரும். காப்பு நன்றாக இருக்கும் வீட்டில் நிறத்தால் கிடைக்கும் பலன் குறையும், காப்பே இல்லாத மெல்லிய கூரையில் அதிகமாகத் தெரியும் என்று எழுதவேண்டி வரும்போது ஒரே சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

> ‘குளிர்கூரை’தான் நேரான சொல். மூலத்திலும் அதுதானே இருக்கிறது.

இதற்குத்தான் அதிக ஆதரவு வந்திருக்கிறது. எனக்கு ஒப்பவில்லை. கோடை நடுப்பகலில் அடர்நிறக் கூரையின் மேற்பரப்பு 65 பாகை செல்சியசைத் தாண்டும். வெயிலை நன்றாகத் திருப்பும் கூரை அதே நேரத்தில் 25 பாகைக்கு மேல்கூடக் குறைவாக இருக்கலாம். பெரிய வித்தியாசம்தான், ஆனாலும் தொட்டால் குளிராது, வெதுவெதுப்பாகவே இருக்கும். ‘குளிர்’ என்ற சொல் நம் காதில் குளிர்பதனப் பெட்டி, குளிரூட்டி என்ற வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மின்சாரம் போட்டுக் கூரையைக் குளிர்விக்கிறார்களோ என்று ஒருவராவது கேட்பார்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. உண்மையாகவே குளிரும் பரப்பு தனியாக வந்துவிட்டது. 2014இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் நேர் வெயிலில் வைத்த ஒரு பரப்பு, சுற்றியுள்ள காற்றைவிடச் சுமார் 5 பாகை குறைந்து நின்றதைக் காட்டினார்கள். 8 முதல் 13 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் வெளிவரும் வெப்பக்கதிரைக் காற்றுமண்டலம் பெரிதாக மறிக்காது. அந்த வழியாக வெப்பத்தை விண்வெளிக்கே அனுப்பிவிடும் ஏற்பாடு அது. நாளைக்கு அது கூரையில் பரவலாக ஏறும்போது ‘குளிர்கூரை’ என்ற பெயர் அதற்குப் பொருந்தும். இன்றைக்கே அதைச் சாதாரணப் பூச்சுக்குக் கொடுத்துத் தீர்த்துவிட வேண்டாம்.

சரி, என் பரிந்துரைக்கு வருகிறேன். முதலில் பண்புகளுக்குப் பெயர் வைப்போம், பொருளுக்கு அப்புறம்.

விழும் சூரிய ஆற்றலில் எத்தனை பங்கைப் பரப்பு திருப்பி அனுப்புகிறது என்பது முதல் பண்பு. பாடநூல் வழி ‘எதிரொளிப்புத் திறன்’ என்று போகலாம், ஆனால் அதற்குள் ‘ஒளி’ உட்கார்ந்திருக்கிறது. பாதிக்கு மேல் கண்ணுக்கே தெரியாத ஒன்றைப் பற்றிப் பேசுகிறோம். ‘பிரதிபலிப்பு’ என்றால் கண்ணாடியில் முகம் தெரிவதுதான் நினைவுக்கு வரும். சுண்ணாம்புப் பரப்பில் முகமா தெரிகிறது? கதிர் எல்லாத் திசையிலும் சிதறித் திரும்புகிறது, அவ்வளவே. நமக்கு ‘வெயில்’ என்ற அருமையான சொல் இருக்கிறது. வெளிச்சமும் அதில் அடக்கம், சூடும் அடக்கம். ஆகவே ‘வெயில்திருப்பு திறன்’.

ஏறிய வெப்பத்தைக் கதிராக வெளியே விடும் பண்பு இரண்டாவது. ‘உமிழ்திறன்’ ஏற்கெனவே பாடநூலில் புழங்குகிறது, அதைத் தொடவேண்டாம்.

இந்த இரண்டாவது பண்பை மறந்துவிட்டுச் சொல் செய்தால் தகரம் வந்து மாட்டிவிடும். பூச்சு இல்லாத பளபளப்பான உலோகத் தகடு வெயிலில் பாதிக்கு மேல் திருப்பிவிடும். ஆனால் அதன் உமிழ்திறன் (முழு அளவு 1) 0.1ஐ ஒட்டித்தான் இருக்கும். ஓடு, சிமெண்ட், பூச்சடித்த பரப்பு எல்லாம் 0.9 பக்கம். தகடு வாங்கிய கொஞ்சச் சூட்டையும் கையைவிட்டுக் கொடுக்காத கருமி. அதனால்தான் பார்க்க வெள்ளியாக மின்னினாலும் கொதிக்கிறது. கூரைக்கு ‘வெயில்திருப்பு கூரை’ என்று பெயர் வைத்தால் இந்தத் தகடும் உள்ளே நுழைந்துவிடும். ஆகவே பொருளின் பெயர் ஏதாவது ஒரு பண்பைச் சொல்லாமல், இரண்டும் சேர்ந்து தரும் விளைவைச் சொல்லவேண்டும்.

என் சொல்: தண்கூரை. ‘தண்’ என்பது தண்ணீரில் இருக்கும் அதே தண். நடுங்க வைக்கும் குளிர் இல்லை, சூடு தணிந்த நிலை. அதிலிருந்தே ‘தண்கூரைப் பூச்சு’, ‘தண்ணிறமி’ என்று பிள்ளைகள் பிறக்கும். இரண்டு பண்பையும் கலந்து கணக்கிடும் எண் ஒன்று உண்டு (ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் இ1980 தரம்). வெயில்திருப்பு திறன் 0.05 உள்ள தரக் கறுப்புக்கு 0, 0.80 உள்ள தர வெள்ளைக்கு 100, இரண்டுக்கும் உமிழ்திறன் 0.90 என்று வைத்து மற்றவற்றை அளப்பார்கள். அதற்குத் ‘தண்மை எண்’ பொருந்தும். நிறம் தேர்ந்தெடுப்பவருக்கு உண்மையில் வேண்டியது இந்த எண்தான். நிற அட்டையைப் பார்த்துச் சூட்டைக் கணிக்க முடியாது.

---

ஐயா, எழுத்தில் அழகாகத்தான் இருக்கிறது. நான் ஒலிப்பதிவு செய்யும் ஆள். ‘தண்கூரை’யைக் கேட்பவர் பாதிப் பேர் ‘தன் கூரை’ என்று எடுத்துக்கொள்வார்கள். “வீட்டுக்குத் தன் கூரை அமைத்தால் சூடு குறையும்” என்றால் பிறகு யார் கூரையை அமைப்பது? ‘தணிகூரை’ என்று மாற்றிப் பார்த்தேன், அது ‘தனிக்கூரை’ ஆகிவிடுகிறது. ‘வெயில்தணி கூரை’ என்றால் குழப்பமில்லை. “வெயில் தணிந்ததும் கிளம்பு” என்று எல்லோரும் சொல்வதுதானே.

---

நல்ல சொல்தான். ஆனால் தணிவது கூரையா வெயிலா என்று இலக்கணக்காரர் கேட்பார். தவிர, அட்டவணைத் தலைப்பில் மூன்று சொல் நீளத்துக்கு ‘வெயில்தணி கூரைப் பூச்சு’ என்று எழுதிப் பாருங்கள், கட்டத்தை விட்டு வெளியே தொங்கும். ண, ன குழப்பத்துக்குப் பயந்தால் தமிழில் பாதிச் சொல்லைக் கைவிட வேண்டியதுதான். எழுத்துக்கு என் வாக்கு தண்கூரைக்கே. பேச்சில் விளக்கிச் சொல்ல ‘வெயில்தணி’யை வைத்துக்கொள்வதில் எனக்குத் தடையில்லை.

---

கேள்வி கேட்டவள் நான்தான், ஆகவே கையேட்டுக்கு முடிவு செய்துகொள்கிறேன். தலைப்பிலும் அட்டவணையிலும் தண்கூரை. ஒவ்வோர் இயலிலும் முதல்முறை வரும்போது ‘வெயில்தணி கூரை’ என்று ஒரு விளக்கம். கூடவே வரும் ஒலிப்பதிவில் முழுக்க வெயில்தணி. தண்மை எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

இன்னும் இரண்டு மிச்சம் இருக்கின்றன. பூச்சு புதிதாக இருக்கும்போது ஒருமுறையும், மூன்று ஆண்டு மழை, தூசி, பாசிக்குப் பின் மறுமுறையும் வெயில்திருப்பு திறனை அளந்து இரண்டையும் போடுகிறார்கள். பளிச்சென்ற வெள்ளையில்தான் இந்த வீழ்ச்சி அதிகம், எனவே வாங்குபவர் பார்க்கவேண்டியது இரண்டாவது எண். மூலத்தில் இருப்பதை ‘முதிர்ந்த மதிப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், உயர்ந்த மதிப்பு போல ஒலித்தது. ‘புதுப்பூச்சு மதிப்பு’, ‘மூன்றாண்டு மதிப்பு’ என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டேன்.

அடுத்தது, வெளிர்நிறக் கூரையில் பட்டுத் திரும்பும் வெயில் எதிர்மாடிச் சன்னலில் இருப்பவர் கண்ணைக் குத்துவது. ஒளிமிகை, மிகையொளிர்வு என்றெல்லாம் அகராதிகளில் கிடைத்தன. நான் ‘கண்கூச்சம்’ என்று போட்டிருக்கிறேன். அதை மாற்றச் சொல்பவர்கள் தனிமடலில் வரவும், சண்டைக்குத் தயார்.