அம்மம்மாவின்ர குரல் கேக்குதில்லை: வீடியோ எடுக்கத் தெரிஞ்ச ஆக்கள் உதவுங்கோ

வணக்கம் உறவுகளே. கனடாவில இருக்கிற மாமா ஆக்களுக்கு அனுப்புவம் எண்டு, ஆடிப்பிறப்பண்டு அம்மம்மா கூழ் காய்ச்சினதைப் போனில எடுத்தனான். பாத்தா ஒண்டும் சரியில்லை.

அவ பனங்கட்டி கரைக்கிற பக்குவம் சொல்லுறா, எனக்குக் கேக்கிறது தங்கச்சி தேங்காய் திருவுற கரகர சத்தம்தான். ஜன்னலுக்கு முன்னால இருந்ததால முகம் கறுப்பா விழுந்திட்டுது. வறுத்த பயறு போடேக்கை நான் சூம் பண்ண, படம் உடைஞ்சு போச்சு. போனை நிமித்திப் பிடிச்சதால மாமாவின்ர டிவியில ரெண்டு பக்கமும் கறுப்பு. அதுக்கும் பேச்சு வாங்கினன்.

ஜன்னல் பிழை விளங்கீட்டுது, இனி நான்தான் ஜன்னல் பக்கம் நிப்பன். டியூப் லைட் வெளிச்சத்தில வீடியோவில ஓடின வரிக்கும் காரணம் பிடிச்சிட்டன்: எங்கட கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 சுற்று. ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் விடுற நேரத்தை, 1/50 செக்கனில வைச்சா வரி நிக்குது.

சத்தம்தான் பிரச்சினை. வயர் மைக்கைச் சேலையில குத்தினா உரசல் கேக்குமோ? இல்லாட்டி இன்னொரு போனை அவவுக்குப் பக்கத்தில வைச்சுக் குரலைப் பதிஞ்சு, துவக்கத்தில ஒருக்கா கைதட்டி, பிறகு அந்தத் தட்டிலயே ரெண்டையும் பொருத்தலாமோ? செய்து பாத்த ஆக்கள் சொல்லுங்கோ.

கார்த்திகை விளக்கீட்டுக்கும் எடுக்கிற யோசினை. சிட்டி விளக்கு வெளிச்சத்தில போன் தானாப் படத்தின்ர வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்காமல் இருக்க என்ன செய்யிறது? புதுக் கமரா வாங்கு எண்டு மட்டும் சொல்லாதேங்கோ, காசில்லை. யாழ்ப்பாணத்தில ஆராவது நேர காட்டித் தந்தா சைக்கிளில வருவன்.