4கே மானிட்டருக்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாம்? விளையாட்டுப் பயன்பாடு அறவே இல்லை

மெய்ப்புநோக்கி:

அனைவருக்கும் வணக்கம். சிறு பதிப்பகங்களுக்கு நூல்களின் பக்க வடிவமைப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்து தருகிறேன். அலுவலகம் ஒன்றிலிருந்து பழையதாக விற்கப்பட்ட, மெலிந்த பெட்டி கொண்ட டெஸ்க்டாப் கணினியைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். இன்டெல் ஐ5-4590 பிராசஸர், ஒற்றை 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை.

இரண்டு பக்கங்களை அருகருகே வைத்துத் திருத்துவதற்காக அண்மையில் 27 அங்குல 4கே மானிட்டர் வாங்கினேன். புள்ளியும் கொம்பும் காலும் அச்சில் இருப்பதைப் போலத் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் மௌஸ் அம்பு விட்டுவிட்டு நகர்கிறது; பக்கங்களை உருட்டும்போது வரிகள் தாவுவதால் சிறிது நேரத்திலேயே கண் களைத்துவிடுகிறது. கணினியின் பின்புறம் எச்டிஎம்ஐ துளை இல்லாததால், அங்குள்ள டிஸ்பிளேபோர்ட்டில் ஒரு சிறிய அடாப்டரைச் செருகி, மானிட்டருடன் வந்த எச்டிஎம்ஐ கேபிளை அதில் இணைத்திருக்கிறேன். மாலையில் பிள்ளைகள் யூடியூபில் பாடங்களை 4கே தரத்தில் பார்க்கும்போது காணொளியும் திணறுகிறது.

ஜிடி 710 போதும் என்கிறார் கடைக்காரர். வாங்குவதென்றால் ஆர்டிஎக்ஸ் 3050 வாங்குங்கள் என்கிறார் நண்பர். என் வேலைக்கு எது பொருந்தும்?

வன்பொருள் ஆர்வலர்:

வணக்கம் ஐயா. இப்போதைக்கு இரண்டையும் வாங்க வேண்டாம். உங்கள் பிராசஸருக்குள் இருக்கும் எச்டி 4600 கிராஃபிக்ஸ், டிஸ்பிளேபோர்ட் வழியாக 4கே படத்தை நொடிக்கு 60 முறை அனுப்பக்கூடியது. தடை அந்தச் சிறிய அடாப்டரில்தான் இருக்கிறது. விலை குறைந்த அடாப்டர்கள் சிக்னலைத் தாமாக மாற்றுவதில்லை. டிஸ்பிளேபோர்ட் துளையையே எச்டிஎம்ஐ சிக்னல் அனுப்ப வைக்கின்றன. அந்தத் தலைமுறை இன்டெல் கிராஃபிக்ஸில் அது எச்டிஎம்ஐ 1.4 அளவோடு நின்றுவிடுவதால், 4கே படம் நொடிக்கு 30 முறைக்கு மேல் புதுப்பிக்கப்படாது. மௌஸ் விட்டுவிட்டு நகர்வதாக நீங்கள் காண்பது இதையே.

மானிட்டரின் பின்புறத்தில் டிஸ்பிளேபோர்ட் துளை இருந்தால், இரு முனையிலும் டிஸ்பிளேபோர்ட் உள்ள கேபிளை வாங்கி நேரடியாக இணையுங்கள். பிறகு விண்டோஸின் டிஸ்பிளே அமைப்புகளில் புதுப்பிப்பு வீதம் 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா எனப் பாருங்கள். சில மானிட்டர்களின் சொந்த மெனுவில் டிஸ்பிளேபோர்ட் 1.1, 1.2 என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும், 1.1 என்று இருந்தால் 60 கிடைக்காது.

கடைக்காரர் சொன்ன ஜிடி 710 கார்டிலும் எச்டிஎம்ஐ 1.4 தான் இருக்கிறது. அதை வாங்கி அந்தக் கேபிளிலேயே இணைத்தால் பணம் செலவாகியிருக்கும், மௌஸ் அம்பு அப்படியேதான் நகரும். அந்தக் கார்டின் கெப்ளர் தலைமுறைக்கான வழக்கமான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) மேம்பாட்டை என்விடியா 2021-லேயே முடித்துக்கொண்டுவிட்டது. "அலுவலக வேலைக்கு இது போதும்" என்று சொல்லி இன்னும் இதை விற்பது எனக்கு மெய்யாகவே வருத்தமளிக்கிறது.

ரேமையும் கவனியுங்கள். தனி கார்டு இல்லாத கணினியில் கிராஃபிக்ஸும் பிராசஸரும் ஒரே ரேமைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. 4கே திரையை நொடிக்கு 60 முறை வரைவதற்கு மட்டுமே ஏறத்தாழ 2 ஜிபி தரவு நொடிதோறும் ரேமிலிருந்து படிக்கப்பட வேண்டும். டிடிஆர்3-1600 வகை ரேம் ஒன்று மட்டும் இருந்தால் மொத்த வேகம் நொடிக்கு 12.8 ஜிபி, அதே அளவில் இன்னொன்றை இணை வழியில் செருகினால் 25.6 ஜிபி ஆகிறது. பெரிய பிடிஎஃப் கோப்புகளைத் திறந்து வைத்து வேலை செய்யும் உங்களுக்கு 16 ஜிபி எப்படியும் உதவும்.

மெய்ப்புநோக்கி:

மிக்க நன்றி ஐயா. டிஸ்பிளேபோர்ட் கேபிளால் இணைத்தவுடன் 60 ஹெர்ட்ஸ் கிடைத்துவிட்டது. உருட்டும்போது இப்போது வரிகள் தாவுவதில்லை. ரேமும் வாங்கப் போகிறேன். ஆனால் 4கே காணொளி மட்டும் முன்போலவே திணறுகிறது. இதற்காகவாவது கார்டு வாங்க வேண்டுமா?

நிழற்படம்:

காணொளித் திணறலுக்குக் காரணம் வேறு. யூடியூப் 4கே காணொளிகளை விபி9, ஏவி1 ஆகிய வடிவங்களில் சுருக்கி அனுப்புகிறது; பார்க்கும்போது கணினி அதை மீண்டும் விரிக்க வேண்டும். எச்டி 4600-இல் எச்.264 வடிவத்தை விரிப்பதற்கு உரிய சுற்று உண்டு. மற்ற இரண்டுக்கும் இல்லை. எனவே அந்தச் சுமை முழுவதும் பிராசஸரின் மீது விழுகிறது. செலவில்லாத வழி, காணொளியை 1080பி தரத்தில் வைத்து, எச்.264 வடிவத்தையே கேட்டுப் பெறும் நீட்சி ஒன்றை உலாவியில் சேர்த்துக்கொள்வது. பிள்ளைகளின் பாடங்களுக்கு அது தாராளம்.

4கே காணொளி கட்டாயம் வேண்டுமென்றால் ஜிடி 1030 அல்லது என்விடியா டி400 போதுமானவை. இரண்டுமே ஏறத்தாழ 30 வாட் மின்சாரத்தில் இயங்குபவை. தனி மின் இணைப்புக் கேட்பதில்லை, உங்கள் மெலிந்த பெட்டிக்குரிய குட்டையான வடிவிலும் கிடைக்கின்றன. விபி9 வடிவத்தை இரண்டும் வன்பொருளிலேயே விரிக்கும். ஏவி1 இரண்டிலும் இல்லை. ஜிடி 1030 வாங்கினால் பெட்டியில் ஜிடிடிஆர்5 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். அதே பெயரில் 2018-இல் வந்த டிடிஆர்4 வகையின் நினைவக வேகம் நொடிக்கு 48 ஜிபியிலிருந்து 16.8 ஜிபியாகக் குறைந்துவிட்டது.

நான் டி400 கார்டையே பரிந்துரைப்பேன். அது டியூரிங் தலைமுறையைச் சேர்ந்தது. ஜிடி 1030 சார்ந்த பாஸ்கல் தலைமுறையைவிடப் புதியது என்பதால் டிரைவர் ஆதரவும் கூடுதல் காலம் கிடைக்கும். அதில் உள்ள மூன்று துளைகளும் மினி டிஸ்பிளேபோர்ட் வகை. அதற்கேற்ற கேபிளையும் சேர்த்து வாங்க வேண்டும். இன்டெல் ஆர்க் ஏ310 ஏவி1 வடிவத்தையும் விரிக்கும் நல்ல கார்டுதான். ஆனால் மதர்போர்டில் ரீசைசபிள் பார் வசதியை (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒரே சமயத்தில் அணுகும் வசதி) எதிர்பார்க்கிறது. நான்காம் தலைமுறைக் கணினிக்கு அதை வாங்க வேண்டாம்.

பழுதுநீக்குநர்:

கார்டு பற்றி மேலே உள்ளவர் சொன்னவை சரியானவை. ஆயினும் இந்தக் கணினிக்குக் கார்டு வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களை, ஒன்றிரண்டு விலக்குகள் தவிர, விண்டோஸ் 11 ஏற்பதில்லை. வாடிக்கையாளர்களின் கையெழுத்துப்படிகள் இருக்கும் கணினி இது. கார்டுக்கான பணத்தை ஒதுக்கிவைத்து, இதே போன்ற எட்டாம் தலைமுறை அலுவலகக் கணினியைத் தேடுங்கள். அதிலுள்ள யுஎச்டி 630 கிராஃபிக்ஸே விபி9 வடிவத்தை விரித்துவிடும். அங்கும் எச்டிஎம்ஐ துளை பெரும்பாலும் 1.4 தான், எனவே இப்போது வாங்கிய டிஸ்பிளேபோர்ட் கேபிளையே பயன்படுத்துங்கள்.

புதிதாகவே வாங்குவதென்றால் ஐ5-12400 போன்ற ஒன்றைக் கேளுங்கள். அதன் யுஎச்டி 730 ஏவி1 வடிவத்தையும் விரிக்கும். விலை குறைவு என்று கடையில் 12400எஃப் கொடுத்தால் வாங்காதீர்கள். எஃப் என்று முடியும் இன்டெல் பிராசஸர்களில் கிராஃபிக்ஸ் பகுதி வேலை செய்யாது. திரையில் படம் வரவே தனியாக ஒரு கார்டு வாங்க வேண்டியிருக்கும்.